தடுப்புச் சுவரில் ஒரு வழி

எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் வியாதி உண்டு. சித்தூரிலிருந்து புத்தூர் போகும் எங்கள் சாலையை நான்கு வழியாக்கி நடுவே சுவர் எழுப்பியபோது, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அதில் விட்டிருந்த வழிகளை எண்ணினேன். பெட்ரோல் பங்குக்கு ஒன்று, கல்யாண மண்டபத்துக்கு ஒன்று, மாங்கூழ் ஆலைக்கு இரண்டு. எங்கள் ஊர் எதிரே இருக்கும் இருளர் குடிசைகளுக்கு ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தண்ணீர்க் குழாய் இந்தப் பக்கம், குடிசை அந்தப் பக்கம். லாரிகளுக்கு நடுவே ஓடி, இடுப்பளவு சுவரில் ஏறி இறங்கித்தான் தண்ணீர் கொண்டுபோனார்கள். அப்படி இறங்கிய ஒருவனை மாங்காய் லாரி அடித்துப் போட்டது. அங்கேயே செத்துப்போனான்.

சாலைக் கம்பெனிக்காரர்களுக்கு அப்போதுதான் அக்கறை பிறந்தது. சைக்கிள்கூட இல்லாத அந்த ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து, ஹெல்மெட் மாட்டுவது எப்படி என்று தெலுங்கில் விளக்கினார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட், ஒரு போட்டோ. பிறகு மூளையைக் கசக்கிச் சுவரை உடைத்து வழியும் விட்டார்கள். சரியாக அவன் விழுந்த இடத்தில். வெள்ளைக் கோடு, மஞ்சள் விளக்கு எல்லாம் உண்டு. ஒருவரும் அதில் நடக்கவில்லை. தள்ளிப் போய்ப் பழையபடி சுவரேறினார்கள்.

ஒருநாள் கம்பெனி இன்ஜினியர் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தண்ணீர்க் குடத்தோடு வந்த இறந்தவன் மனைவியை மறித்தார்.

"ஏம்மா, உங்களுக்காகத்தானே வழி விட்டிருக்கு? கண்ணு தெரியலியா?"

"தெரியுது சாரு. அங்கதான் என் ஊட்டுக்காரன் ரத்தம் கீது. ரத்தம் வுழுந்த எடத்த நாங்க மெதிக்க மாட்டோம். ஒரு வார்த்த கேட்டிருந்தா, தோ, அந்த வேப்பமரத்தாண்ட வுட சொல்லியிருப்பேன்."

"அதான் கழுவி விட்டாச்சே!"

"தரையத்தான சாரு கழுவுன."

அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "படிப்பு வாசனையே இல்லாத ஜனம், சார்."

வேப்பமரம் நாற்பதடி தூரம்கூட இல்லை, அங்கே மாற்றிவிடுங்கள் என்றேன்.

"பிளான்ல இந்த இடம்தான் சார் இருக்கு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

குன்றை வெட்டிச் சாலை போட்ட மகாமேதைக்கு நாற்பதடி நகர முடியவில்லை. ஜீப்பில் ஏறி, அந்தப் புது வழியிலேயே திரும்பிச் சித்தூர் போனார். அவள் சாலையின் பாதியை ஓடிக் கடந்து, குடத்தைச் சுவர்மேல் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. குடத்தைப் பிடித்தபடி, அது போகட்டும் என்று சுவர்மேலேயே குந்தியிருந்தாள்.