வரவேற்புரை தணிகைவேலின் ஐந்து நிமிடம்

கும்மிடிப்பூண்டியில் தணிகைவேல் வீடு எது என்று கேட்டால், எந்தத் தணிகைவேல் என்று திருப்பிக் கேட்பார்கள். வரவேற்புரை தணிகைவேல் என்று சொன்னால் வாசல் வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள். பள்ளி ஆண்டு விழா, தீமிதி, வளைகாப்பு, எந்தக் கட்சிக் கூட்டமானாலும் சரி, மைக்கை முதலில் பிடிப்பவன் அவன்தான். மேடையில் இருப்பவர்களை வரவேற்று, கீழே இருப்பவர்களை வரவேற்று, பந்தல் போட்டவர், மைக்செட் கட்டியவர், சாம்பாருக்குக் காய் நறுக்கியவர்கள் வரை பேர் சொல்லிவிட்டுத்தான் இறங்குவான். ஒரு கல்யாணத்தில் இவன் வரவேற்று முடிப்பதற்குள் முதல் பந்தி கை கழுவிவிட்டது. அந்தப் பந்தியில் நானும் இருந்தேன் என்பதால் எனக்குப் புகார் இல்லை.

நான் அஹ்சன். பூர்வீகம் பழவேற்காடு. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் எதையாவது வாங்கி விற்றார்கள். நான் பஜாரில் ப்ரவுசிங் சென்டர் வைத்து நேரத்தை விற்றேன். தணிகைவேல் என் கடையின் மூலைக் கம்ப்யூட்டரை மாத வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வெப்சைட் செய்ய உட்கார்ந்தான். விவசாயியான அவன் அப்பா துளசிராமன் எப்போதாவது கடைக்கு வந்து மகனின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னிடம் "இது வேலையா பாய்?" என்று கேட்பார். நான் வாடகை வாங்குகிறவன். ஆமாம் என்றுதான் சொல்வேன்.

அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை நன்றாக வந்தது. இங்கிலீஷ்தான் பேஜாரு. எங்காவது மாட்டிக்கொண்டால், வெப்சைட் செய்கிறவர்களுக்கென்று இருந்த ஒரு மெயில் குழுவில் கேள்வி கேட்க வேண்டும், அதை இங்கிலீஷில் கேட்க வேண்டும். அதற்கு அவன் மனைவி பூமிகா வருவாள். நர்சரி ஸ்கூல் டீச்சர். சாயங்காலம் பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, இவன் தமிழில் புலம்புவதை அழகான இங்கிலீஷில் அடித்து அனுப்புவாள். கீழே கையெழுத்து தணிகைவேல். மறுநாள் யாரோ பதில் போட்டிருப்பார்கள். இவன் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, ஒரு மகான் தரிசனம் கொடுத்த மாதிரி என்னைப் பார்ப்பான்.

இப்படியே கேட்டுக் கேட்டு இருவருமாக ஒரு வெப் பக்கம் செய்தார்கள். சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் ஆட்களுக்கு வாடகை அறை காட்டும் பக்கம். எந்தத் தெருவில் அறை காலி, தண்ணீர் உப்பா நல்லதா, நைட் ஷிப்ட் ஆளுக்குப் பகலில் தூங்க விடுவார்களா, எல்லாம் தமிழில் இருக்கும். வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தவள் பூமிகா. என் கடையின் ஆமை வேக லைனில்கூடச் சட்டென்று திறக்கும். ஆட்கள் வந்து பார்த்தார்கள், அறை பிடித்தார்கள், நன்றி சொன்னார்கள். டப்பு மட்டும் யாரும் தரவில்லை.

துளசிராமன் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு இரும்பு ஆலையில் மகனுக்கு டைம் கீப்பர் வேலை சொல்லி வைத்தார். பிறக்கும் மாதம் சேர வேண்டும். சேர்ந்தால் மூலைக் கம்ப்யூட்டர் காலி, அந்தப் பக்கமும் காலி. அந்தச் சமயத்தில்தான், 2008-ல், மெயில் குழுக்காரர்கள் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கூட்டம் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். பேசி, பக்கத்தைக் காட்டி, ஒரே ஒரு ஆர்டர் பிடித்துவிட்டால் ஆலைக்குப் போக வேண்டாம் என்று அப்பாவிடம் ஒப்பந்தம்.

பூமிகாவுக்குப் புருஷனைத் தெரியும். என் கடையிலேயே ஒத்திகை நடந்தது.

"வணக்கம் சொல்லுங்க. பேரச் சொல்லுங்க. பக்கத்தத் தொறந்து காட்டுங்க. நடுவுல யாரையும் வரவேற்கக் கூடாது."

"நேரா மேட்டருக்கு வந்துடறேன்மே. நான் இன்னா கொழந்தையா?"

"கொழந்தைன்னா சொன்னபடி கேக்கும்," என்றாள் பூமிகா.

கூட்டத்துக்கு மூவருமாகப் போனோம். நான் எதற்கு என்றால், மதியச் சாப்பாடு இலவசம். வந்தவர்கள் பெரும்பாலும் சென்னைக்காரர்கள், டீ ஷர்ட் போட்டவர்கள். இவன் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் இருந்தான். எல்லோருக்கும் நெஞ்சில் குத்திக்கொள்ளப் பெயர் எழுதிய அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டைகள்தான் எங்கள் வயிற்றில் அடிக்கப் போகின்றன என்று அப்போது தெரியவில்லை. லெமன் சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் சுமாராக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடப் பேச்சுகள். ஒரு பெண் கையில் சைக்கிள் பெல்லோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரும் வந்தார்கள், படபடவென்று பேசினார்கள், பெல் அடிப்பதற்குள் ஓடினார்கள். இவன் முறை வந்தது. இரவல் வாங்கி வந்த லேப்டாப்பைப் பொருத்தினான், திரையில் திருத்தணி முருகன் வால்பேப்பர் வந்தது. மைக்கைக் கையில் வாங்கினான். "வணக்கம். என் பேரு தணிகைவேல்," என்றான். பூமிகா மூச்சு விட்டாள்.

அப்போது அவன் கண் முதல் வரிசையில் ஒரு அட்டை மீது விழுந்தது.

"பாக்கியராஜ் சார்," என்றான். "நீங்க இங்கதான் கீறீங்களா? மொத மொதல்ல தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்து நான் அழுவாத கொறையா கேட்டப்ப, பதில் போட்ட பாக்கியராஜ் சார் அவர்களை வருக வருகவென வரவேற்கிறேன்."

அவர் திகைத்துப் போய்ப் பாதி எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "மேப்பு வெச்சா பக்கம் தொங்கிப் போவுதுன்னு கேட்டேன், படம் போட்டு வெளக்குன சஹாபுதீன் சார் வந்திருக்காரா?" பின்னாலிருந்து ஒரு கை கூச்சத்தோடு உயர்ந்தது. அடுத்து இன்னொருவர். யார், எந்தக் கேள்வி, என்ன பதில், அத்தனையும் மனப்பாடமாக வைத்திருந்தான். வருஷக்கணக்காக எழுத்தில் மட்டும் பழகியவர்கள் ஒருவரையொருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கோ போகிற போக்கில் போட்ட பதிலை ஒருவன் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று தெரிந்தபோது சிலருக்கு முகமே மாறிவிட்டது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மறைப்பானேன். பக்கத்தில் பூமிகா மட்டும் மேடையைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுதியாக," என்று அவன் குரலை உயர்த்தியபோது சைக்கிள் பெல் அடித்தது. அந்தப் பெண் எழுந்து வந்து மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டாள். திரையில் கடைசி வரை முருகன்தான் நின்றார். பக்கம் திறக்கவே இல்லை.

பூமிகா எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறாள் என்று நினைத்தேன், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். தணிகைவேல் கைதட்டல் வாங்கிய முகத்தோடு வந்து உட்கார்ந்து, நான் பூமிகாவின் காலி நாற்காலியைக் காட்டியதும்தான் என்ன செய்தோம் என்று உணர்ந்தான். முகம் செத்துவிட்டது.

"பூமிகா எங்க பாய்?"

பூமிகா சுவரோரம் நின்றிருந்தாள். பேசுகிறவர்கள் பெயர் எழுதும் பெரிய தாளில் கடைசி இடம் காலியாக இருந்தது. அதில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்ததும் மைக்கை வாங்கினாள். "வணக்கம் சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் எங்க ஊட்டுக்காரரு சொல்லிட்டாரு. நான் பக்கத்தக் காட்டறேன்," என்றாள். சிரிப்பு அடங்குவதற்குள் பக்கம் திறந்திருந்தது. இது தெரு, இது அறை, இது தண்ணீர், இது ஷிப்ட். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள், நேரம் மீதி இருக்கும்போதே முடித்தாள். பெல்காரப் பெண்ணுக்கு வேலையே இல்லை.

பாக்கியராஜ் எழுந்தார். "எங்களுக்கு வந்த மெயில்லாம் நீங்க எழுதினதா?"

"கேள்வி அவரு. இங்கிலீஷ் நானு."

கீழே இறங்கியதும் ஜோசப் என்று ஒருவர் வந்தார். ஒரகடம் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் வருகின்றன, அங்கே அறை தேடி ஆட்கள் அலைகிறார்கள், அந்த ஊருக்கு இதே போல ஒன்று செய்து தர முடியுமா, விலை பேசிக்கொள்ளலாம் என்றார். கார்டை அவளிடம்தான் கொடுத்தார்.

திரும்பும்போது கவரைப்பேட்டை ஸ்டேஷனில் வண்டிக்காக உட்கார்ந்திருந்தோம். தணிகைவேல் நெஞ்சிலிருந்த அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"அந்தப் பொண்ணு மணி அடிக்கலன்னா அடுத்தது உன் பேருதான். கடசியா, பெருசா சொல்லலாம்னு வெச்சினு இருந்தேன்."

"தெரியும்," என்றாள் பூமிகா. "ஊருல எல்லார் பேரும் சொல்லிட்டு என் பேருக்கு வர்றதுக்குள்ள எப்பவும் டைம் முடிஞ்சிடுது."

அதில் சண்டை இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வண்டிக்கு இன்னும் நேரம் கீது," என்றான். "இப்ப சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. ஆனா என் பேரு மட்டும்."

எழுந்து நின்றான். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான், தொண்டையைச் செருமினான். பெரியோர்களே என்று ஆரம்பிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"பூமிகா," என்றான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு டீ குடிக்கத் தோன்றவில்லை. இருந்தாலும் எழுந்து பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்து டீக்கடை இருக்கிறதா என்று பார்த்தேன்.