இருநூற்றுப்பத்து முயல்கள்

சென்னையில் மூன்றாண்டுகள் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கிவந்து, கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஜப்பானியர் வரும்வரை அந்தப் பட்டத்தால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை.

துரை குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடியபோது பங்களாவில் ஒரு பியானோவும், துரைசாணி ஆசையாக வளர்த்த பன்னிரண்டு வெள்ளை முயல்களும் எஞ்சின. புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரி பியானோவைத் தாம் வைத்துக்கொண்டு, முயல்களைத் தோட்டத்து மக்களுக்கு வழங்கினார். அவற்றை வளர்த்துப் பெருக்கி, படைக்கு இறைச்சியாகவும் கையுறைத் தோலாகவும் திருப்பித் தரவேண்டும் என்பது கட்டளை. பன்னிரண்டு முயல் ஓராண்டில் எத்தனை ஆகும் என்று என்னைக் கேட்டார். நான் படித்ததைப் பற்றி ஒருவர் என்னிடம் அக்கறையோடு கேட்டது அதுவே முதல் தடவை. அந்த மகிழ்ச்சியில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வரைபடம் தயாரித்தேன்.

முயலின் சினைக்காலம் முப்பது நாள். ஈன்ற சில நாளிலேயே மறுபடி சினைப்படும். அதன்படி என் கோடு மெல்ல ஏறி, திடீரென நிமிர்ந்து, தாளின் உச்சியைத் தாண்டிவிட்டது. மேலே இன்னொரு தாள் ஒட்டினேன். தீனி குறைந்தால், இடம் நெருக்கினால், பகை விலங்குகள் கூடினால் இந்த ஏற்றம் நின்று கோடு படுத்துவிடும் என்பதையும் நேர்மையாக வலப்பக்கத்தில் வரைந்து காட்டினேன். அதிகாரி நெடுநேரம் பார்த்தார். பிறகு வலப்பக்கத்தைப் பின்னால் மடித்து, ஏறும் பகுதியை மட்டும் சுவரில் ஒட்டினார். "பகுஸ்" என்றார். மலாயில் அவருக்குத் தெரிந்த ஒரே பாராட்டு அது.

முயல்கள் என் கோட்டைப் பார்க்கவில்லை. மலைச்சாரலில் குட்டிகள் விறைத்துச் செத்தன. மூசாங் என்று நாங்கள் சொல்லும் மரநாய் கூண்டைப் பிரித்துத் தின்றது. மரவள்ளிக் கிழங்கை மட்டுமே தின்று காலம் தள்ளிய லயத்து வரிசைவீட்டுக் குடும்பங்களிலும், மரநாயின் பெயரில் சில முயல்கள் குழம்பாயின. ஓராண்டில் தோட்டம் முழுவதும் இருந்தவை எழுபது.

அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஏற்றிப் போனவர்களைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. எங்கள் அதிகாரி மட்டும் ஓர் அறிவிப்புச் செய்தார். முப்பது முயலுக்கு ஓர் ஆள் புல் அறுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு விலக்குச் சீட்டு உண்டு. அவனைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் பிடிக்கவேண்டியவர்கள் பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள். எழுபது முயலுக்கு இரண்டு சீட்டுதான் கிடைக்கும்.

ஏழு பேரையும் காப்பாற்ற இருநூற்றுப்பத்து முயல் வேண்டும் என்று கங்காணியிடம் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"அவ்வளவுதானே? பெரட்டுல காட்டிரலாம் ஐயா" என்றார்.

பெரட்டு என்பது காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி ஆளெண்ணுவது. சீட்டுக் கணக்குக்காக மாதம் ஒருமுறை அதிகாரி முன்னிலையில் முயல்களுக்கும் பெரட்டு வைத்தார்கள். அந்த முதல் பெரட்டில், முதல் லயத்துப் பெண்கள் கொழுந்துக் கூடைகளில் எழுபதையும் கொண்டுவந்து இறக்கினார்கள். எண்ணி முடித்ததும் கூடைகள் தொழிற்சாலைக்குப் பின்புறமாகச் சுற்றி, இரண்டாம் லயத்துப் பெண்களின் முதுகில் ஏறி வந்தன; பின்னர் மூன்றாம் லயத்தார் முதுகில். காது கிழிந்த கடுவன் முயல் ஒன்று மூன்று தடவையும் அதிகாரியின் முகத்தை உற்றுப் பார்த்தது.

"இந்தத் தோட்டத்தில் ஏன் இத்தனை முயலுக்குக் காது கிழிந்திருக்கிறது?" என்று கேட்டார் அதிகாரி.

"அது அந்தச் சாதி, துவான். பொறக்கும்போதே அப்படித்தான்" என்றார் கங்காணி, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

ஏழு சீட்டுகள் கிடைத்தன. ஆனால் அதிகாரி அத்தோடு விடவில்லை. படைக்கு முப்பது முயல் உடனே வேண்டும் என்றார். முப்பது போனால் ஒரு சீட்டும் போகும். ஏழாவது சீட்டு யாருக்குக் கிடைத்ததோ அவருடைய மனைவி, கொழுந்து பறிப்பவள், கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னே வந்தாள்.

"பூரா சினையா இருக்கு துவான். இப்ப அறுத்தா ஒண்ணுக்கு ஆறு நட்டம். பெரிய கிராணி ஐயாவக் கேளுங்க, படிச்சவரு."

நான் மொழிபெயர்த்துவிட்டு, முப்பது நாள் சினைக்காலம் பற்றிக் கால்மணி நேரம் விரிவுரையும் ஆற்றினேன். அதிகாரி குறித்துக்கொண்டார். கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்: இருநூற்றுப்பத்து அப்படியே இருக்கட்டும், அதற்கு மேல் பெருகுவதைப் படைக்குக் கொடுங்கள். அன்றுமுதல் பெரட்டுக்கும் அவர் வரவில்லை. மாதாந்திர அறிக்கை போதும் என்றார்.

ஆக, இல்லாத நூற்று நாற்பது முயல்களை நான் பராமரிக்கலானேன். ஒன்று கூடினால் கறிக்குக் கேட்பார்கள். ஒன்று குறைந்தால் ஓர் ஆளைப் பிடிப்பார்கள். பிறப்பும் இறப்பும் துல்லியமாக ஈடாகும் ஒரு கூட்டத்தை உலகில் எந்த அறிஞரும் கண்டதில்லை. என் மேசையில் அது நாலு மாதம் செழித்து வாழ்ந்தது.

என்னை உறுத்தியது அந்தச் செழிப்புத்தான். ஞாயிறுதோறும் ஜெபத்தில் பொய்க்கு மன்னிப்புக் கேட்கிற குடும்பம் எங்களுடையது. பொய் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் அந்தப் பொய்யாவது இயற்கை விதிக்கு அடங்கி நடக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. உயிருள்ள எந்தக் கூட்டமும் ஒரே எண்ணில் நிற்பதில்லை. சற்று இறங்கும், சற்று ஏறும். படித்த எவனாவது என் அறிக்கையைப் பார்த்தால் சிரித்துவிடுவான், சிரித்தால் சந்தேகப்படுவான், சந்தேகப்பட்டால் ஏழு பேருக்கும் ஆபத்து. விளைவுகளை இப்படியெல்லாம் எடைபோட்டு, ஐந்தாம் மாதம் பதினெட்டு முயல்களைச் சாகடித்தேன். பதினொன்று குளிரால், ஏழு மரநாயால். அடுத்த மாதமே பிறப்புகளைக் கூட்டி ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

"எதுக்குங்க ஐயா சாவு?" என்றார் கங்காணி. "நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு?"

"இயற்கையா இருக்கணும் கங்காணி."

"யாரு வந்து பாக்கப் போறா? மரநாயா?"

நான் அவருக்கும் விளக்கம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனார்.

அறிக்கை போன இரண்டாம் நாள் பதில் வந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு முயல், ஆகவே ஆறு ஆள். பட்டியலில் கடைசிப் பெயரின் சீட்டு இரத்து. அவரை மூன்று நாளில் லோரி ஏற்றிக்கொள்ளும்.

தானா ராத்தா ஊரிலிருந்த அவருடைய அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். எண்ணியதில் பிழை, பதினெட்டு குட்டிகள் விடுபட்டுவிட்டன என்றேன். அதிகாரி தம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"முந்தாநாள் வந்த அறிக்கையில் குட்டிகள் இல்லை. இன்று சினைப்பட்டாலும் முப்பது நாள் ஆகும். நீதான் சொல்லிக்கொடுத்தாய்" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. நல்ல மாணவனின் பெருமையோடுதான் சொன்னார். நான் மேலும் வாதாடியபோது, "பக்கேரோ" என்று ஜப்பானிய மொழியில் திட்டி ஓர் அறை விட்டார். என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. பொறுக்கிக்கொண்டு திரும்பினேன்.

ஏழாவது சீட்டுக்காரரின் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். வீட்டுவாசலில் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை செத்துச்சு?"

"பதினெட்டு."

"நெசமாவா?"

"எழுத்திலதான்."

கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "இருக்கிறதே எழுபது. அதுல ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவல. இல்லாதது செத்துப்போச்சுன்னு எங்க வீட்டுக்காரர கொண்டுபோறான். அப்படித்தானே ஐயா?"

அப்படித்தான் என்றேன். வேறு எந்த வாக்கியத்தையும் நான் படித்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் லோரி வந்தது. அவள் கணவர் ஒரு போர்வையையும் சுட்ட கிழங்கையும் எடுத்துக்கொண்டு ஏறினார். என்னைப் பார்த்து, "முயலுக்குப் புல்லு அறுத்து வச்சிருக்கேன் ஐயா, ஈரம் போனதும் போடச் சொல்லுங்க" என்றார். அது உண்மையான எழுபதுக்கான புல்.

முப்பதாம் நாள் என் அறிக்கையில் பதினெட்டு குட்டிகள் பிறந்தன. ஏழாவது சீட்டும் திரும்பி வந்தது. அதற்கு உரியவர் சயாமில் இருந்தார். மூன்றாம் லயத்தில் புதிதாகக் கல்யாணமான ஒருவனுக்குக் கொடுக்கலாமா என்று கங்காணி அவளிடம் கேட்டார்.

"குடுங்க, பாவம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா ஒண்ணு ஐயா. இனிமே ஒரு முயலும் சாவக்கூடாது" என்றாள்.

சாகவில்லை. பிறக்கவும் இல்லை. ஜப்பான் சரணடைந்த செய்தி மலைக்கு வரும்வரை, ஒவ்வொரு மாதமும் இருநூற்றுப்பத்து என்று மட்டும் எழுதி அனுப்பினேன். உண்மையில் அப்போது தோட்டத்தில் மிஞ்சியிருந்தவை பதினாறோ பதினேழோ. மற்றவற்றைப் பசி தின்றுவிட்டது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவளுடைய கணவர் அவர்களில் இல்லை.

முதுமை எய்தாத, ஈனாத, சாகாத அந்த இருநூற்றுப்பத்து முயல்களைப் பற்றி அதிகாரி ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்தி அனுப்பினார். அந்த ஐந்தாம் மாதமும் நான் இருநூற்றுப்பத்து என்றே எழுதியிருந்தால், அதற்கும் குத்தியிருப்பார்.