‘வாரேன்’ சொல்லாத வீடு

ஐம்பதுகளின் கடைசியில் மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நாங்கள் வாங்கிய பூமியோடு வீடும் சேர்ந்து வந்தது. வீடென்றால், ஒரு பாறைக் குகை. விற்றவர் அதன் முன்னால் சுவர் எழுப்பி, கதவு போட்டு, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். மில் லைன் வீட்டில் புழுங்கிச் செத்த எனக்கு உள்ளே இருந்த குளிர்ச்சியே போதும். “நல்ல தண்ணி, நல்ல காத்து. புள்ளைக்குப் பேச்சு வந்துரும் பாரு அம்மணி” என்றார் என் வீட்டுக்காரர். மகளுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. நான் வேண்டாத சாமி இல்லை.

சாவியைக் கொடுக்கும்போது விற்றவரின் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். “அம்மணி, இந்த ஊட்டை உட்டுக் கெளம்பையில ‘வாரேன்’னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. ‘போறேன்’னே சொல்லுங்க.”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எழவு வீட்டில் சொல்லாமல் கிளம்புவோம், சரி. குடியிருக்கும் வீட்டில் எவளாவது ‘போறேன்’ என்பாளா? அவளோ “போறேனுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டுக்காரருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. தினமும் காலையில் தோட்டத்துக்கு இறங்கும்போது வாசலில் நின்று “வாரேன்!” என்று கத்துவார். உள்ளேயிருந்து பாறையும் “வாரேன்” என்னும். “பாத்தியா, மரியாதை தெரிஞ்ச பாறை” என்று சிரிப்பார். எதிரொலிதான், எனக்கும் தெரியும். ஆனால் கிளம்புகிறவரிடம் இன்னொருவர் ‘வாரேன்’ என்றால், கூடவே வருகிறேன் என்றுதானே அர்த்தம்?

ஒரு மத்தியானம் வெளி அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சின்னக் குரலில் “வாரேன்” என்று கேட்டது. ஓடினேன். மகள் பின்பாறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “வாரேன்” என்றாள் மறுபடியும். ஐயோ, என் தங்கம் பேசிவிட்டது! அள்ளிக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகுதான் உறைத்தது. வீட்டுக்காரர் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டார். யாரும் கூப்பிடாமல் பிள்ளை எதற்கு ‘வாரேன்’ என்கிறது?

“ஆரு கண்ணு கூப்பிட்டாங்க?”

அவள் பாறையைக் காட்டினாள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். என் அழுகைச் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தார். “ஏனுங்க, இந்தப் பூமியும் வேண்டாம், ஊடும் வேண்டாம். வித்துத் தொலைச்சுப்போடுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் தோளுக்குப் பின்னால் மகள் வீட்டைப் பார்த்துக் கையாட்டினாள். “வா...” என்று ஆரம்பித்தாள்.

எந்த வாய் திறக்காதா என்று ஏங்கினேனோ, அந்த வாயைப் பொத்தினேன்.