பச்சைப் பூ எப்போது பூக்கும்?

மத்தியான வெயிலில் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளிலிருந்து கிளம்பும் தார் வாடை... அதோடு, அப்போதுதான் தண்ணீர் விட்ட பாத்தியின் மண் வாசம். என் முதல் உத்தியோகம் அந்த வாசத்தில்தான் தொடங்கியது.

இலங்கையில், மாத்தளைக்குப் போகும் பாதையில், உக்குவளைப் பக்கம் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். இனக்கலவரம் முடிந்து இரண்டு வருஷம். அங்கே நான் ஒருவன்தான் தமிழன். டிக்கட் கொடுப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். எல்லோருக்கும் நான் 'தெமள மாத்தயா', அதாவது தமிழ் ஐயா. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

வருஷா வருஷம் ஸ்டேஷன்களுக்குள் பூந்தோட்டப் போட்டி நடக்கும். எங்கு பார்த்தாலும் சிவப்பும் மஞ்சளும்தான். நாங்கள் ஒருமுறையும் ஜெயித்ததில்லை. அந்தத் தடவை எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, பச்சைப் பூ வைப்போம் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். செய், ஆனால் தோற்றால் பழி உனக்குத்தான் என்றார்.

துரை பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த பெரியப்பா மூன்று வகை விதை கொடுத்தார். புகையிலை இனத்துப் பச்சைப் பூ வெயிலில் தலை தொங்கிவிடும், நடுவர்கள் வருவதோ பகலில்... அதைக் கழித்தேன். நடுவில் சடை சடையாகத் தொங்கும் கீரைப்பூ, சுற்றிவரப் பச்சை ஸீனியா, ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த கல்.

பூத்தது. ஆனால் பூத்தது யாருக்கும் தெரியவில்லை! போர்ட்டர் பண்டா தினமும் வந்து, எப்போது பூக்கும் என்று கேட்பார். போட்டிக்கு முதல் நாள் மாஸ்டர் செவ்வந்தித் தொட்டிகளோடு வந்து நின்று, எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார்.

"சேர், இதுதான் பூ" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மாத்தளை ரயில் வந்து நின்றது. புத்த விகாரைக்குப் போக வெள்ளை உடுத்திய ஒரு அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"மகன், பன்சலைக்குக் கொண்டு போக அந்தப் பச்சைப் பூவுல ரெண்டு தாங்க."

மாஸ்டர் தானே குனிந்து பறித்துக் கொடுத்தார். செவ்வந்தித் தொட்டிகள் விளக்கறைக்குப் பின்னால் போயின.

முதல் பரிசு எங்களுக்கு! பண்டா பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி எனக்குப் புதுப் பெயர் வைத்தார். 'கொள மல் மாத்தயா'. பச்சைப்பூ ஐயா. மறுநாளிலிருந்து பழைய பெயரை யாரும் சொல்லவில்லை.

இப்போது கல்யாண மேடைகளில்கூடப் பச்சைப் பூ. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை... போன மாதம் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். திரும்பினால், தலை நரைத்த பண்டா. என் சொந்தப் பெயர் இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

"கொள மல் மாத்தயா" என்றுதான் கூப்பிட்டார்.

எனக்கு அது போதும்.