பழைய அடுப்பை இடிக்கச் சொன்ன நாள்

மேல்சித்தாமூருக்கு வெளியே, வயலுக்கு நடுவில் இருந்த ஒரு சமண விவசாயி வீட்டில் நான் வடிவமைத்த அடுப்பு அணைந்தபோது சாயங்காலம் ஐந்தரை மணி. வீடெல்லாம் புகை.

திண்டிவனம் பட்டறையில் அது புகையே இல்லாமல் எரிந்த அடுப்பு. மேலிருந்து ஒரே தடவையாக விறகை நிரப்பிப் பற்றவைத்தால் முக்கால் மணி நேரம் சீராக எரியும். அந்தத் திமிரில், "பழசு இருந்தா புதுசத் தொடமாட்டீங்க" என்று சொல்லிக் காலையிலேயே அவர்களுடைய மண் அடுப்பை இடிக்க வைத்திருந்தேன். கேஸ் சிலிண்டரும் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது.

அந்த வீட்டு மருமகள் பத்மா ஒவ்வொரு விறகையும் தட்டிப் பார்த்துத்தான் அடுப்பில் வைப்பார். ஓர் உயிர்கூட வெந்துவிடக் கூடாது. எனக்குப் பொறுமையில்லை. "ஜல்தி ஆவட்டும்மா" என்று நானே சவுக்குக் கட்டைகளை அள்ளி நிரப்பினேன். உலை கொதிப்பதற்குள் கீழ்க் காற்றுத் துளை வழியாக எறும்புகள் வெளியே ஓடிவந்தன.

"ஐயோ, எறும்பு சார்!"

பத்மா சட்டியை இறக்கிவிட்டு, இடுக்கியால் கட்டைகளை உருவினார். நெருப்பு அணைந்தது. மறுபடி நிரப்ப வேண்டுமானால் அடுப்பு ஆற வேண்டும்.

"மாமா சுகர் மாத்திரை போட்டுக்கினாரு சார். பொழுது சாஞ்சா எதுவும் சாப்பிட மாட்டாரு. விடியற வரைக்கும் எப்பிடித் தாங்குவாரு?"

சர்க்கரை ரொம்ப இறங்கிவிடக் கூடாதென்று மாமனாருக்கு வெல்லம் கொடுத்தோம். அப்படியும் அவருக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. "இன்னிக்கு மட்டும் லேட்டா சாப்புடுங்கய்யா" என்று கெஞ்சினேன்.

"அது ஆவாதுப்பா" என்றார், கோபமே இல்லாமல்.

பத்மா என்னைத் திட்டிக்கொண்டு நிற்கவில்லை. வாசலில் மூன்று செங்கல் வைத்து உலைச் சட்டியை ஏற்றினார். "குச்சியத் தட்டிக் குடுங்க சார். நல்லாப் பாத்துத் தட்டுங்க."

மண்டிபோட்டுத் தட்டினேன். அவர் கேப்பை மாவைக் கொட்டிக் கிண்டினார். வெளிச்சம் மங்குவதற்குள் களி தட்டுக்கு வந்துவிட்டது. பெரியவர் நாலு வாய் விழுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பிறகு, நடுவில் விறகை எடுக்கவும் வைக்கவும் அடுப்பின் பக்கவாட்டில் ஒரு கதவு வைத்தேன். "எஃபிசியன்சி குறையுதேய்யா" என்றார் விழுப்புரம் ஆபீஸ் மேனேஜர். "குறையட்டும் சார்" என்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன். யார் வீட்டிலும் பழைய அடுப்பை இடிக்கச் சொல்லாதீர்கள். புது அடுப்பு அணைந்தால் நமக்கு அது ரிப்போர்ட்டில் ஒரு வரி. அவர்களுக்கு அன்றைய சாப்பாடு.