நாங்கள் வாங்கிய கார்பைடு டாங்கி

வெல்டிங் செட்டு வாங்கியே தீர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். யுத்த காலம், பெட்ரோலை அளந்துதான் கொடுப்பார்கள். ஊரைவிட்டுப் போன துரை ஒருவர், தன் டிரைவராக இருந்த இவருக்கே பழைய காரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதன் பின்பாதியை வெட்டிச் சரக்குப் பெட்டி வைத்து, பக்கத்தில் கரிவாயு அடுப்பையும் பொருத்திவிட்டால் வண்டி கரியிலேயே ஓடும். பள்ளங்கி மலைப்பூண்டை நாமே வத்தலக்குண்டுக்கு இறக்கலாம், இனி எவனுக்கும் கார்க்கதவு திறந்துவிட்டு நிற்க வேண்டாம் என்பார். கனவு என்ன கனவு, வெறி பிடித்துத் திரிந்தார். ரிவிட் அடித்தால் வாயு கசியும் என்பதால்தான் வெல்டிங்.

ஞாயிற்றுச் சந்தை முடிந்து இரும்புக்கடை ராவுத்தரிடம் போனோம். நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு கிடையாது, ஆகவே கேஸ் செட்டுதான். அதில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் கேஸ் சிலிண்டரில் அடைத்தே வரும். மற்றது ஒரு டாங்கி. அதில் கார்பைடு கட்டியையும் தண்ணீரையும் போட்டால் கேஸ் தானே கிளம்பும்.

"சிலிண்டர் தீந்துச்சுன்னா மதுரைக்கு அனுப்பிட்டு நாள்கணக்கா சும்மா குந்தியிருக்கணும்" என்றார் ராவுத்தர். "கார்பைடுன்னா டின்னு நம்ம கடையிலயே கெடைக்கும். ஒண்ணே ஒண்ணு, டாங்கிகிட்ட பீடி கீடி பத்தவச்சிராதீங்க."

"நான் பீடியே குடிக்கிறதில்ல பாய்!"

கார்பைடு நாற்றம் எனக்குக் குமட்டியது. "சிலிண்டரையே வாங்குங்க. இந்தக் கருமத்த வீட்டுல வச்சா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன்.

"போயிட்டு வெரசா வந்துரு புள்ள" என்று சிரித்துக்கொண்டே டாங்கியைத் தூக்கிக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் எரிந்தது. இரண்டு மாதத்தில் சரக்குப் பெட்டி முடிந்தது. கரிவாயு அடுப்பு வேலையில் பாதி மிச்சம் இருக்கும்போது மார்கழி வந்தது. புல்லெல்லாம் உறைபனி. டாங்கித் தண்ணீர் இறுகிக்கொண்டு, இளகுவதற்குள் பாதிப் பகல் போய்விடும். அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, பின்னால் வண்டி நின்ற கொட்டகையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். எனக்குப் பார்க்கச் சகிக்காது.

எங்கள் ஊரில் எது விறைத்தாலும் கணப்புதான் மருந்து. குமுட்டியில் சாம்பல் மூடிய தணலைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவோம். இட்லி மாவுக்கும் வைப்போம், ஈரத்துணிக்கும் வைப்போம். இன்ஜின் ஆயில் இறுகினால் இவரே காருக்கு அடியில் தள்ளிவிடுவார். பீடி ஆகாதென்றால் பீடிதானே ஆகாது? நான் அப்படித்தான் நினைத்தேன். பாவி, அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு வெள்ளனே எழுந்து, அவர் வருவதற்குள் தண்ணீர் இளகட்டும் என்று டாங்கிக்கு அடியில் குமுட்டியை வைத்தேன். உள்ளே வந்து அவருக்குக் காபி கலந்தேன். அவர் பின்கட்டு வழியாகக் கொட்டகைக்குப் போனது எனக்குத் தெரியாது. வெடித்த சத்தத்தில் அடுக்களை ஓடு பெயர்ந்து விழுந்தது.

உயிர் பிழைத்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

கொட்டகை முழுக்கக் கரி சிதறிக் கிடந்தது. வண்டிக்கு வாங்கிய கரி மூட்டை அங்கேயே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நெளிந்த குமுட்டியை நான்தான் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் எறிந்தேன். டாங்கியில் ஏதோ கோளாறு என்று ஊரே பேசிக்கொண்டது. வண்டியைப் பெரும்பாறைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அது தெருமுனை திரும்பும்வரை இவர் சத்தம் வந்த பக்கமே முகத்தை வைத்திருந்தார். நான் உள்ளே போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரிக் கட்டுப் பிரித்த மறுவாரம் ஒரு மத்தியானம், சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சிலிண்டர்னு சொன்ன. நான் கேக்கல. என் புத்தி பீத்தப் புத்தி. உன் வாழ்க்கையையும் சேத்துக் கெடுத்துட்டேன் புள்ள. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு."

குமுட்டியை வைத்தது நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இந்தக் கையை விட்டுவிடுவாரே என்று பயமாக இருந்தது. அதுதான் நிஜம்.

"மன்னிச்சிட்டேங்க" என்றேன். அவர் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயைத் திறந்து அடுத்த கவளத்தை வாங்கிக்கொண்டார்.