பதினேழாவது நம்பர்

"நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க."

அணைக்கட்டு அலுவலகத்தின் டெலிபோன் அக்கா இப்படிக் கேட்காமல் ரிசீவரை வைப்பதில்லை. மதகைத் தூக்குவதற்கு முன் இன்ஜினீயர் ஒரு படிவத்தை நீட்டுவார். 'டவுன்ஸ்ட்ரீமுக்குத் தகவல் கொடுத்தாயிற்று' என்று அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. டிக் போட்டுக் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது.

ஆற்றின் கீழ்ப்பக்கத்தைக் குறிக்கும் அந்த 'டவுன்ஸ்ட்ரீம்' என்ற வார்த்தை அங்கே தண்ணீர்பட்ட பாடு. ஃபைல் போய்ச்சேரும் அடுத்த மேஜைக்குக்கூட அந்தப் பெயர்தான். அக்காவுக்கோ அது ஆட்களின் பெயர். அவருடைய பள்ளிக்கூட நோட்டில் அதுதான் தலைப்பு. கீழே பதினேழு நம்பர். செங்கல் சூளைக்காரர், படகுக்காரர், ஆற்றில் துணி துவைக்கும் அக்கா தங்கை இருவர் என்று போய், கடைசியில் மோட்டார் ஷெட் அண்ணன்.

அக்காவைப் பயந்தாங்கொள்ளி என்றால் அவரே ஒப்புக்கொள்வார். முழங்கால் வலியோடு மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். வீட்டில் பக்கெட்டை விளிம்புவரை நிரப்ப விடமாட்டார். "ததும்பினா எனக்கு மூச்சு முட்டும் சார்," என்றார் என்னிடம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒருமுறை மதகைத் தூக்கும் முன் பதினாறு பேர்தான் போனை எடுத்தார்கள். "அவருக்குத் தெரியாமலா இருக்கும்னு கையெழுத்தைப் போட்டுத் தொலைச்சேன்." மோட்டார் ஷெட் அண்ணன் பகல் முழுக்கக் கூரைமேல் கிடந்து பிழைத்தார். அவர் வளர்த்த நாய் பிழைக்கவில்லை. மறுநாள் போன் செய்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றாராம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்கிறார் அக்கா.

நான் போன அன்று காலையிலிருந்தே மழை விடவில்லை. பதினாறு பேர் திருப்பிச் சொல்லிவிட்டார்கள். பதினேழாவது நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். சும்மா வேடிக்கை பார்க்க வந்த நானும் மணியை எண்ண ஆரம்பித்தேன்.

"ஒரு ஆளுக்காகவாம்மா? மெசேஜ் போயிருக்கும். போடுங்க கையெழுத்தை," என்றார் இன்ஜினீயர்.

"தண்ணி அளவைப் பார்த்துட்டேன் சார், அணை இன்னும் முக்கால் மணி நேரம் தாங்கும். ஜீப்பை அனுப்புங்க, நேர்ல பார்த்துட்டு வரட்டும்."

"ஜீப்பை அனுப்பறேன். ஆனா தாமதத்துக்கு மேலிடத்துக்கு யாரு பதில் சொல்றது? இந்தாங்க."

அக்கா படிவத்தை வாங்கினார். நாலாக மடித்து நாற்காலியில் போட்டு, அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டு, பதினேழாவது நம்பரை மறுபடி அழுத்தினார்.